‘குவாண்டம் லீப்’ பெரிய தாவலா?

மாணவ நண்பர்களே, ஆங்கிலக் கட்டுரையில் ஒரு முன்னேற்றத்தைப் புகழ வேண்டுமானால் ‘குவாண்டம் லீப்’ என்று எழுதிவிடுகிறீர்கள். இச்சொற்றொடர் எங்கள் பௌதிகத்திலிருந்து போனது. ஆகவே சற்று உரிமையோடு சொல்கிறேன்.

1913-இல் நீல்ஸ் போர் வகுத்த அணு மாதிரியைப் பாருங்கள். ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரான் இரண்டாம் பாதையிலிருந்து முதற்பாதைக்குத் தாவுகிறது. அப்பாதைகளின் ஆரங்கள் 0.212, 0.053 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைச் சுமார் அறுபது லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் இத்தாவல்! பிறகு அதில் என்ன விசேஷம்? நடுவில் தங்க இடமில்லை என்பதே. மாடிப்படியில் ஒன்றரையாம் படி உண்டா? 10.2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலும் ஒரே தவணையில் வெளிவந்துவிடுகிறது.

‘திடீர்ப் பெருமுன்னேற்றம்’ என்ற பொருளை அகராதிகளும் ஏற்றுவிட்டன. செய்தித்தாளில் இருந்துவிட்டுப் போகட்டும். விஞ்ஞானக் கட்டுரையில் அது பொய்யாகவே முடியும். அடுப்பிலிட்ட நீர் 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறியதை ‘குவாண்டம் லீப்’ என்று எழுதினால், அந்நீர் 50 டிகிரியைத் தொடவே இல்லை என்றல்லவா ஆகிறது? இடைநிலை இல்லாத மாற்றத்துக்கே அச்சொல்லை வையுங்கள். மற்ற இடங்களில் ‘லார்ஜ் இன்கிரீஸ்’ என்று எழுதி, எவ்வளவு என்ற எண்ணையும் பக்கத்தில் கொடுங்கள்.