சொல்லாத உம்மாவும் கேட்காத டீச்சரும்



இதைப் போன வருடமே எழுத நினைத்தேன். எழுதினால் என் பிழையையும் எழுத வேண்டி வரும் என்பதால் தள்ளிப்போட்டேன். இப்போது ஊரில் முதலாம் தர அனுமதி பற்றிய கதை தொடங்கிவிட்டது. இனியும் தள்ளிப்போடுவது சரியில்லை.

என் தரம் 4 வகுப்பில் ஒரு மகன் இருந்தான். பெயரோ ஊரோ எழுதவில்லை, அவனுடைய உம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சொல்வதெழுதலில் 20க்கு 4 அல்லது 5. மழை பெய்து தகரக் கூரை சத்தம் போடும் நாளில் கொப்பியில் ஒன்றுமே இருக்காது. எந்த நேரமும் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்ப்பான்.

சொல்வழி கேளாத பிள்ளை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கூட்டாளிமாரோடு கதைக்காமல் இருக்கட்டும் என்று பிரித்தெடுத்து, வலப்பக்க ஜன்னலோரம், றோட்டுப் பக்கமாக உட்கார வைத்தேன். உம்மாவைக் கூப்பிட்டு, மற்ற ஆசிரியர்கள் இருக்கும்போதே முறைப்பாடு சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு பாடசாலை மருத்துவப் பரிசோதனை வந்தது. அன்று அவன் வரவில்லை. மறுநாள் காய்ச்சல் என்று கடிதம் கொண்டு வந்தான். அவனிடம் கேட்டேன். "காய்ச்சல் இல்ல டீச்சர், உம்மாதான் போக வேணாமெண்டு சொன்னா" என்றான்.

அன்று பாடசாலை விட்டதும் கேற்றடியில் உம்மாவைத் தனியாகக் கண்டு பேசினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னார்:

"அவனுக்கு இடது காது கேக்காது டீச்சர். சின்னதுலயே கிளினிக்கில சொல்லிட்டாங்க."

"ஏன் ராத்தா இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"சொன்னா இந்த வகுப்புல வெச்சிருப்பீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அதே வருடம் வேறொரு பிள்ளையைப் பற்றி, "இது எங்களுக்குச் சரிவராது, வேறெங்கயாவது பாக்கச் சொல்லுங்க" என்று ஆசிரியர்கள் நாங்கள் கதைத்தபோது நானும் தலையாட்டியிருக்கிறேன். அந்த உம்மா பயந்தது சும்மா இல்லை.

வகுப்புக்குப் போய் அவனுடைய கதிரையில் உட்கார்ந்து பார்த்தேன். கேட்கிற வலது காது றோட்டுப் பக்கம். கேளாத இடது காது என் பக்கம். ஒரு தவணை முழுக்க அந்தப் பிள்ளைக்கு நான் ஓட்டோ சத்தத்தைத்தான் படிப்பித்திருக்கிறேன்.

கல்வியியற் கல்லூரியில் விசேட தேவையுடைய பிள்ளைகள் பற்றி நானும் படித்தவள். பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுத்தேன். ஆனால் முன்னால் இருந்த பிள்ளையை எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் உம்மா. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இடையில் தண்டனை வாங்கியது பிள்ளை.

பெற்றோர் மறைப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அனுமதி கிடைக்காது என்ற பயம் முதலாவது. மூத்த பிள்ளைக்குக் கலியாணப் பேச்சு வந்தால் "அந்தக் குடும்பத்தில இப்படி ஒரு பிள்ளை இருக்காம்" என்று ஊர் கதைக்கும் என்ற பயம் இரண்டாவது. வாப்பா வெளிநாட்டில், குறையெல்லாம் உம்மாவின் தலையில். இது தெரியாமல் "பெற்றோர் ஒத்துழைப்பதில்லை" என்று கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்வது எங்களுக்கு லேசு.

அனுமதி பற்றிய பயத்துக்கு ஒரு பதில் சட்டத்திலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, மாற்றுத்திறனைக் காரணம் காட்டி ஒருவருக்குக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுத்துப் பாகுபாடு காட்டக் கூடாது. 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதும் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். அதனால் அதிபரின் முன்னால் பெற்றோர் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. கேட்பது பிள்ளையின் உரிமை.

எல்லாப் பிள்ளைக்கும் சாதாரண வகுப்பே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. சில பிள்ளைகளுக்கு விசேட கல்விப் பிரிவு நல்லது. சிலருக்குச் சைகை மொழியோ பிரெயிலோ தெரிந்த ஆசிரியர் உள்ள பாடசாலை வேண்டும். ஆனால் அந்த முடிவை வைத்திய அறிக்கையைப் பார்த்து, பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றாக உட்கார்ந்து எடுக்க வேண்டும். பிள்ளையை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கேற்றடியில் எடுக்கக் கூடாது.

சரி, அந்த மகனுக்கு என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றும் இல்லை. முன் வரிசையில் இடப்பக்க ஓரத்துக்கு மாற்றினேன். இப்போது வலது காது வகுப்பின் பக்கம். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசும் பழக்கத்தை விட்டு, திரும்பி முகத்தைக் காட்டிப் பேசினேன். அதோடு ஒரு 40 பக்கக் கொப்பி. அதில் நான் இரண்டு வரி எழுதி அனுப்புவேன், உம்மா இரண்டு வரி எழுதி அனுப்புவார்.

அந்தக் கொப்பியில் நான் படித்தது அதிகம். தடிமன் வந்தால் மற்றக் காதும் அடைத்துவிடும் என்று ஒரு நாள் எழுதியிருந்தார். பதினொரு மணிக்குப் பிறகு அவன் எரிந்து விழுவது குணத்தால் அல்ல, காலையிலிருந்து காதைக் கூர்மையாக்கிக் கேட்டுக் களைத்துப் போவதால் என்பதும் அவர் எழுதித்தான் எனக்குத் தெரியும். அதன் பிறகு வாசிப்பையும் சொல்வதெழுதலையும் முதல் பாடவேளைக்கு மாற்றினேன். வருடக் கடைசியில் 20க்கு 13 எடுத்தான், அல்ஹம்துலில்லாஹ். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வரவில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பினான்.

இதிலிருந்து சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

பெற்றோருக்கு: அனுமதியின்போதே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் பிரதியைக் கொடுங்கள். மருத்துவப் பரிசோதனை நாளில் பிள்ளையை வீட்டில் வைக்காதீர்கள். மாலையில் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதிடமும் சொல்லுங்கள். பகலில் முன் வரிசையில் இருக்கும் பிள்ளை, பின்னேரம் மத்ரஸாவில் "காது கேக்கல்லையா?" என்று அடி வாங்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமாரே, உங்கள் பங்கு காசோடு முடிவதில்லை. வாரத்தில் ஒரு தரம் வகுப்பாசிரியருக்கு ஒரு குரல் பதிவு அனுப்பலாம். பரீட்சைத் திணைக்களம் மாற்றுத்திறன் உள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைத் தருகிறது. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், வைத்திய அறிக்கை வேண்டும். கடைசி மாதத்தில் ஓடி வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

என் சக ஆசிரியர்களுக்கு: வகுப்பில் 38 பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், உதவிக்கு ஆள் இல்லை. நானும் அதே வகுப்பில்தான் நிற்கிறேன். ஆனாலும் உம்மாவிடம் "பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன?" என்று தனியாக ஒரு தரம் கேட்கச் செலவு இல்லை. முறைப்பாடு சொல்ல மட்டும் கூப்பிட்டால் அவர்கள் ஒளிக்கத்தான் பார்ப்பார்கள். நல்லது சொல்லவும் ஒரு நாள் கூப்பிடுங்கள். ஒத்துழைப்பு என்ற பெயரில் உம்மாவை நாள் முழுக்க வகுப்பு விறாந்தையில் உட்கார வைக்காதீர்கள். அவருக்கு வீட்டில் வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாடசாலை நேரத்தில் பிள்ளை எங்கள் பொறுப்பு.

மற்றப் பெற்றோருக்கு: "அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில என்ட பிள்ளைய வைக்க வேணாம்" என்று இரகசியமாக வந்து சொல்வோர் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். கண் தெரியாத அந்த ஸஹாபியை ஒட்டித்தான் அபஸ சூறாவின் ஆரம்ப வசனங்கள் இறங்கின. அவர்கள் நபியவர்களின் முஅத்தின்களில் ஒருவராக இருந்தார்கள். நபியவர்கள் பயணம் போன சில சந்தர்ப்பங்களில் மதீனாவின் பொறுப்பும் அவர்களிடம் கொடுக்கப்பட்டது. இதை பயானில் கேட்டுக் கண் கலங்குகிற நாங்கள், வகுப்பில் ஒரு பிள்ளையின் பக்கத்துக் கதிரையைக் கொடுக்க யோசிக்கிறோம்.

அந்த உம்மா கேற்றடியில் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "சொன்னா வெச்சிருப்பீங்களா?" இந்த வருடம் முதலாம் தரத்துக்கு வரும் எந்த உம்மாவும் அதைக் கேட்க வேண்டி வரக் கூடாது. வெச்சிருப்போம் என்று முதலில் நாங்கள் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் சொல்வார்கள், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ பிள்ளையின் விடயத்தைச் சொல்லப் பயந்துகொண்டு ஒரு உம்மா இருந்தால், இதை அவருக்குக் காட்டுங்கள். என்னோடு தனியாகக் கதைக்க விரும்பினாலும் வரலாம்.