பிறப்பா அவர் குற்றம்?

"பாம்பின் குட்டி பாம்புதானே!"

பூதலூர் ரயிலடியில், பள்ளி விட்ட மாலைப் பொழுதில், நண்பர் ஒருவர் நம்மிடம் உதிர்த்த தீர்ப்பு இது. பேச்சு, ஸ்டாலினின் மகள் ஸ்வெத்லானாவைப் பற்றியது. தீர்ப்பளித்தவரோ, தம் பெயரின் வாலாக இருந்த சாதிப் பட்டத்தை வெட்டி எறிந்தவர். பிறப்பால் உயர்வில்லை, தாழ்வில்லை என்று மேடைதோறும் முழங்குபவர்! பிறப்பால் சாதி இல்லையாம். பிறப்பால் குற்றம் மட்டும் உண்டாம். விந்தையன்றோ, தோழர்களே!

அந்த அம்மையார் பட்ட பாட்டைக் கேளுங்கள். 1932இல், அவருக்கு ஆறு வயதானபோது, தாய் தற்கொலை செய்துகொண்டார். நோயில் மாண்டார் என்று மகளுக்குக் கதை கட்டினர். பத்தாண்டுகளுக்குப் பின் உண்மையை உணர்த்தியது தந்தையா? இல்லை, ஓர் ஆங்கில ஏடு! பதினாறு வயதில் காப்ளர் எனும் திரைக்கதை எழுத்தாளரிடம் மனத்தைப் பறிகொடுத்தார். 1943இல் காப்ளர் சிறைப்பட்டார், பத்தாண்டுகள் சிறைமுகாம். மகளுக்குக் கிடைத்தது கன்னத்தில் அறை. நாட்டுக்கே வாய்ப்பூட்டிட்டவர் வீட்டுக் கதவை மட்டும் திறந்தா வைப்பார்?

1953இல் தந்தை மறைந்தார். 1957இல் தந்தையின் பெயரை உதறி, தாயின் குடும்பப் பெயரான அல்லிலுயேவாவை ஏற்றார். பெயர் மாறிற்று, பிடி தளரவில்லை. இந்தியப் பொதுவுடைமையாளர் பிரஜேஷ் சிங்கை மணக்க விழைந்தபோது, பிரதமர் கோசிகின் மறுத்தார். மனத்துக்கு உகந்தவரை மணக்க நாட்டின் பிரதமர் முன் கைகட்டி நிற்பதா? நம் ஊர்ப் பஞ்சாயத்தும் இதைத்தானே செய்கிறது!

1966 அக்டோபரில் சிங் இறந்தார். அவரது சாம்பலை ஏந்தி, கங்கைக் கரையிலுள்ள காலாகாங்கருக்கு வந்த அம்மையார், இங்கேயே வாழ விரும்பினார். சிங்கின் உறவினர் தினேஷ் சிங் அப்போது நடுவண் அமைச்சர். இருந்தும் என்ன? மாஸ்கோ முகம் சுளிக்குமே என்று அஞ்சியது டில்லி. மக்களாட்சி என்று மார்தட்டும் நாடு, அடைக்கலம் நாடிய ஒரு பெண்ணுக்குக் கதவடைத்தது! 1967 மார்ச் 6 அன்று, டில்லியிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் படியேறினார் அவர்.

பெற்ற மக்கள் இருவரை மாஸ்கோவில் விட்டுச் சென்றாரே என்பீர்கள். சென்றார், அதை நாம் நியாயப்படுத்தவில்லை. கிரெம்ளின் சோறுண்டு வளர்ந்தவர் என்பீர்கள். உண்மைதான். அவர் செய்ததற்கு அவரைக் கேளுங்கள்; தந்தை செய்ததற்கு ஏன் கேட்கிறீர்கள்?

1984இல் சோவியத் மண்ணுக்குத் திரும்பினார். 1986இல் மீண்டும் வெளியேறினார். 2011இல் அமெரிக்காவில் இறந்தபோதும், ஏடுகள் அவரை 'ஸ்டாலின் மகள்' என்றே எழுதின. ரயிலடி நண்பர் என்ன சொல்கிறார் என்று நாளை மாலை கேட்போம்.