விரல்களின் சாட்சியம்

மேமோகிராம் எனப்படும் மார்பக ஊடுகதிர்ப் படம் இல்லாத இடத்தில் புற்றுநோயைத் தேடுவதே வீண் என்று வாதிடுவோர், டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய ஆய்வைக் கணக்கில் கொள்வதேயில்லை. 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,51,538 பெண்கள் அதில் இரு பிரிவாகச் சேர்க்கப்பட்டு, ஒரு பிரிவினரின் மார்பகத்தையும் அக்குளையும் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள், இரண்டாண்டுக்கு ஒருமுறை, விரல்களால் மெல்ல அழுத்திக் கட்டி உண்டா என்று தடவிப் பார்த்தனர். ஒட்டுமொத்த இறப்புக் குறைவு புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்பது மெய்யே. ஆயினும் 50 வயதைக் கடந்தோரிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததை எந்த நியாயத்தில் ஒதுக்கித் தள்ளுவது? அடர்ந்த திசுவுள்ள இளம் மார்பகத்தில், திசுவும் கட்டியும் ஒருசேர வெண்மையாகவே பதிவதால், அப்படி வாதிடுவோர் போற்றும் மேமோகிராமும் தடுமாறுகிறது.