முதல் நன்மைக்கு மீன் வாங்கப் போகிறவர்களுக்கு



முதல் நன்மைக் காலம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று பெற்றோரும் ஞானப்பெற்றோரும் யோசிக்கின்ற நாள்கள் இவை. செபமாலை, சங்கிலி, கைக்கடிகாரம் என்றிருந்த பட்டியலில் அண்மைக் காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ஒரு கண்ணாடிக் குடுவையும் அதனுள் ஒரு தங்கமீனும், அல்லது நீண்ட செட்டைகளையுடைய ஒரு பைட்டர் மீனும். நாய்க்குட்டிக்கு வீட்டில் இடமில்லை, பூனையென்றால் அம்மாவுக்கு ஒவ்வாமை, ஆகவே மீன் என்று காரணம் சொல்லப்படுகிறது. மீன் சத்தம் போடாது, மயிர் உதிர்க்காது, சில பவுணுக்குக் கிடைக்கும். செத்தால் இன்னொன்று வாங்கலாம்.

இந்தக் கடைசி வாக்கியந்தான் என்னை எழுத வைத்தது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் உயிரின் விலை மலிவாக இருப்பதனாலேயே அதனை வைத்துப் பேணுவதும் மலிவானது, எளிதானது என்று நாம் நம்பிவிடுகிறோம். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்படும் மீன்கள் படுகின்ற துன்பத்தில் பெரும்பகுதி இந்த நம்பிக்கையிலிருந்தே பிறக்கிறது. அதனைக் கடைக்காரர் மட்டும் உண்டாக்கவில்லை. வாங்குகின்ற நாமும் சேர்ந்தே உண்டாக்குகிறோம்.

பைட்டர் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தின் நெல்வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் வாழ்ந்த இனம் அது. 2019இல் அந்நாடு அதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்துப் பெருமைப்படுத்தியது. செவுள்களோடு, காற்றையே நேராகச் சுவாசிக்கக்கூடிய ஓர் உறுப்பும் அதற்கு உண்டு; உயிர்வளி குறைந்த நீரிலும் அதனால் உயிர் தரித்திருக்க முடியும். இறைவன் கொடுத்த இந்த ஆற்றலே அதற்கு வினையாகிவிட்டது. சிறு குவளையில் அடைத்தாலும் உடனே சாகாது என்பதால், குவளையே அதற்குப் போதும் என்று வணிகம் முடிவு செய்துவிட்டது. சாகாமல் இருப்பது வேறு, வாழ்வது வேறு. ஏறத்தாழ 25 பாகை வெப்பமுள்ள நீர் வேண்டிய அந்த மீனை, இந்நாட்டுப் பனிக்காலத்தில் ஹீட்டர் இல்லாத குடுவையில் சாளரத்தருகே வைத்துவிட்டு, "இது எப்போதும் அடியிலேயே படுத்திருக்கிறதே, சோம்பேறி மீன்" என்கிறோம்.

தங்கமீனின் கதையும் இப்படித்தான். இரண்டு வாரம் வாழ்ந்தால் போதும் என்ற எண்ணத்தோடு நாம் வாங்குகின்ற அந்த மீன், ஒழுங்காகப் பேணப்பட்டால் பத்து, இருபது ஆண்டுகள் வாழும். ஒரு சாணுக்கு மேல் வளரும். இந்த நாட்டிலேயே, யோர்க்ஷயரில், 1956இல் ஒரு களியாட்டச் சந்தையில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இறந்தது. உங்கள் மகன் முதல் நன்மை வாங்கும்போது கொடுத்த மீன், அவனுடைய திருமண நாளிலும் உயிரோடு இருக்கக்கூடியது என்று எண்ணிப் பாருங்கள். அதற்கேற்ற தொட்டியை வாங்கத் துணிகிறவர் எத்தனை பேர்? உருண்டைக் குடுவைகளில் மீன் வைப்பதை ரோமை மாநகர சபை 2005இல் தடைசெய்தபோது சிரித்தவர்கள் உண்டு. சுவிற்சர்லாந்தின் சட்டமோ, மீன்தொட்டி எல்லாப் பக்கமும் திறந்த பார்வைக்கு இருக்கலாகாது என்கிறது. ஒளிந்துகொள்ள ஒரு மூலை ஓர் உயிருக்கு வேண்டும் என்பதைச் சட்டமாக எழுத வேண்டியிருந்திருக்கிறது.

ஆனாலும் குடுவையைவிடப் பெரிய கொலையாளி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாதது அது. சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நம் வீடுகளில் மீன் சாவதற்கு முதற் காரணம் இதுவே.

மீன் தன் உடற்கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகிறது. அமோனியா நஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் அது கலைந்துபோகும். தொட்டியில் அதே நீரில் நிற்கும். நாளடைவில் ஒருவகை நுண்ணுயிர்கள் பெருகி அந்த அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சே. மீனின் குருதி உயிர்வளியைச் சுமக்க முடியாதபடி அது செய்துவிடும். நீரில் உயிர்வளி இருந்தும் மீன் மூச்சுத் திணறும். பிறகு வேறொரு வகை நுண்ணுயிர்கள் பெருகி அதனை அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்று ஆக்கும். இந்த இரு படைகளும் வடிகட்டியில் குடியேறி நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். ஏறக்குறைய ஒரு தவக்காலம். அந்தத் தவக்காலத்தை நாம் அனுசரிப்பதில்லை. சனிக்கிழமை தொட்டி வாங்கி, அன்று மாலையே குழாய்த் தண்ணீர் நிரப்பி, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பத்து மீன்களை விட்டுவிடுகிறோம். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் செவுளை அரிக்கும், அதனை நீக்கும் மருந்துத்துளி ஊற்ற வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. பின்பு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. "பசிக்குது போல" என்று இன்னும் கொஞ்சம் தீன் போடுகிறோம். மிஞ்சிய தீன் அழுகி அமோனியாவைக் கூட்டுகிறது.

இதிலே ஒரு சங்கடமான செய்தியையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் மீன்தொட்டி இருந்தால் அதிர்ஷ்டம், மீன் செத்தால் வீட்டுக்கு வந்த கண்ணூறு அதனோடு கழிந்தது என்ற பேச்சு நம் கத்தோலிக்க வீடுகளிலும் கேட்கிறது. திரு இருதயப் படத்துக்குக் கீழேயே தொட்டியை வைத்துக்கொண்டு இதைச் சொல்லுகிறார்கள்! அந்த மீன் உங்கள் கண்ணூறைச் சுமந்து சாகவில்லை. அமோனியாவில் செத்தது.

"பாதர், நாங்கள் மீன் தின்று வளர்ந்த சனம். பாசையூரிலும் குருநகரிலும் மன்னாரிலும் வலை இழுத்த வீடுகளின் பிள்ளைகள். எங்களுக்கா மீன்மேல் இரக்கம் போதிக்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2416 முதல் 2418 வரையுள்ள எண்களில் இதற்கு விடை தருகிறது. உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்துவது ஏற்புடையதே. ஆனால் தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கே முரணானது என்பது அதன் போதனை. கவனியுங்கள், விலங்கின் மாண்பு என்று மட்டுமல்ல, நம்முடைய மாண்பு என்கிறது. மனிதரின் வறுமையைத் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகள்மேல் கொட்டுவதையும் அதே பகுதி கண்டிக்கிறது. ஆயிரக்கணக்கான பவுண் செலவில் வரவேற்பறை முழுவதும் கண்ணாடிச் சுவர் எழுப்புகிறவர்கள் அதனையும் வாசிக்க வேண்டும். மீனவன் குடும்பத்தின் பசிக்காக மீனைப் பிடிக்கிறான். கடலின் ஆழமும் நீரோட்டமும் மீனின் பருவமும் அறிந்தவன் அவன். நாமோ எதுவும் அறியாமல், பார்த்து மகிழ்வதற்கென்று ஓர் உயிரை வாங்கி, மெல்ல மெல்ல நஞ்சூட்டுகிறோம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மீனுக்கு நோவு தெரியாது என்பது பழைய சமாதானம். 2003இல் லின் ஸ்னெடன் அம்மையாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஸ்கொட்லாந்தில் செய்த ஆய்வொன்று, நோவை உணரும் நரம்பு முனைகள் திரவுட் மீனின் முகத்தில் இருப்பதைக் காட்டியது. உதட்டில் எரிச்சலூட்டும் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் உதட்டைக் கற்களில் தேய்த்தன. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. அறிஞரிடையே விவாதம் இன்னும் முற்றாக ஓயவில்லை என்றாலும், பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் மீன் உட்பட முதுகெலும்புள்ள எல்லா விலங்குகளையும் உணர்வுடையவை என்றே ஏற்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் நாய்க்குப் போலவே தொட்டி மீனுக்கும் பொருந்தும். தகுந்த இருப்பிடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, இனத்துக்கேற்பத் துணையோ தனிமையோ, நோயிலிருந்து காப்பு ஆகியவற்றைக் கொடுப்பது உடையவரின் சட்டக் கடமை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு விலங்கை விற்பது குற்றம். ஆகையால் எட்டு வயதுப் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கும் மீனுக்குப் பொறுப்பாளி அந்தப் பிள்ளையல்ல, நீங்களே.

கடைக்குப் பின்னால் இருக்கும் உலகத்தையும் சற்றுப் பாருங்கள். கடைகளில் மின்னுகின்ற கப்பி, நியோன் டெட்ரா போன்ற நன்னீர் மீன்கள் பெரும்பாலும் பண்ணைகளில் பிறந்தவை. அவற்றுள் நம் இலங்கையிலிருந்து வருபவையும் உண்டு. சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பு எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கிறது. கடல் மீன்களோ வேறு கதை. பெரும்பான்மையானவை இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடிக்கப்படுபவை. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சயனைட்டைப் பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் கொடிய பழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. பிள்ளைகள் திரைப்படத்தில் பார்த்து ஆசைப்படும் நீலநிற 'டோரி' மீனைச் செயற்கைச் சூழலில் குஞ்சு பொரித்து வளர்ப்பதில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் வெற்றி கண்டதே 2016இல்தான். இன்னொரு கொடுமையும் உண்டு. தெற்காசிய நீர்நிலைகளில் வாழும் கண்ணாடி மீன், உடல் ஊடுருவித் தெரியுமளவு தெளிவானது. அதன் உடலில் ஊசியால் சாயம் ஏற்றி, பச்சை, இளஞ்சிவப்பு என்று விற்றார்கள். இறைவன் தெளிவாகப் படைத்ததைச் சாயம் ஏற்றினால்தான் நமக்குப் பிடிக்குமாம்.

இதனாலே மீன் வளர்ப்பையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கொளத்தூர்க் குடும்பத்தின் பிழைப்பும் எனக்குப் பெரிதே. அமேசான் காட்டின் ரியோ நெக்ரோ ஆற்றோரத்தில் கார்டினல் டெட்ரா பிடித்து வாழும் மக்களுக்கு, அந்த வருமானமே காட்டைக் காத்து வைக்கவும் ஒரு காரணமாயிருக்கிறது. நன்றாகப் பேணப்பட்ட ஒரு தொட்டி, பிள்ளைக்குப் படைப்பின் பாடத்தைப் புத்தகத்தைவிட நன்றாகக் கற்பிக்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பதுவை அந்தோனியார் ரிமினிக் கரையில் மீன்களுக்குப் பிரசங்கித்தார் என்ற மரபை யூன் மாதத்தில் அவர் திருநாளில் நாம் ஆர்வத்தோடு கேட்கிறோம். கேட்க வந்த மீன்களை அவர் குடுவையில் போட்டு எடுத்துச் சென்றதாக எந்தக் கதையும் இல்லை.

லூக்கா நற்செய்தியில் ஒரு விலைக் கணக்கு உண்டு. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. ஐந்தாவது குருவி இலவசம்! சந்தையில் அதற்கு விலையே இல்லை. அந்த ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். கடைகளில் "ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற அட்டையைத் தொட்டியில் ஒட்டியிருக்கக் கண்டால், எனக்கு அந்த ஐந்தாவது குருவிதான் நினைவுக்கு வரும். விவிலியத்தில் கடவுள் முதன்முதலாக ஆசி வழங்கியதும் மனிதனுக்கல்ல. தொடக்க நூலின் ஐந்தாம் நாளில், நீர்வாழ்வனவற்றுக்கும் பறவைகளுக்குமே அந்த முதல் ஆசி. நமக்கு அடுத்த நாள்தான் கிடைத்தது.

ஆகவே, மீன்தான் வேண்டும் என்றால் முதல் நன்மை நாளில் வெறும் தொட்டியைக் கொடுங்கள். பிள்ளையும் நீங்களும் சேர்ந்து அதனை ஆயத்தப்படுத்துங்கள். நீரைச் சோதித்து, அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென்று கண்ட பிறகு மீன் வாங்குங்கள்; அதுவும் சிலவாக. கடையில் கேளுங்கள்: இது எவ்வளவு பெரிதாக வளரும்? எத்தனை ஆண்டு வாழும்? கூட்டமாக இருக்க வேண்டியதா, தனியாகவா? பண்ணையில் பிறந்ததா, பிடிக்கப்பட்டதா? இறந்த மீன்கள் தொட்டியில் மிதந்தால் அங்கு வாங்காதீர்கள். தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, சோதித்துப் பார்த்து, "இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்" என்று மீன் தர மறுக்கும் பணியாளர்களும் இருக்கிறார்கள். நம்மவர் சிலர் அவர்களோடு சண்டை பிடிக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. வைத்திருக்க முடியாமல் போனால் ஆற்றிலோ பூங்காக் குளத்திலோ விடாதீர்கள். இரக்கம்போலத் தோன்றினாலும், அந்நிய மீன்களை அப்படி விடுவது இந்நாட்டில் குற்றம். திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைகளும் மீன் வளர்ப்போர் சங்கங்களும் உண்டு.

கடைசியாக நம் பங்கின் கோடை விழாவைப் பற்றி. பந்தெறிந்து தங்கமீன் வெல்லும் விளையாட்டை வைக்கலாம் என்று ஏற்பாட்டுக் குழுவில் ஒரு யோசனை வந்தது. விலங்குகளைப் பரிசாகக் கொடுப்பதை ஸ்கொட்லாந்து 2006ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடுத்துவிட்டது. இங்கிலாந்தில் பெரியவர் கூட இருந்தால் சட்டப்படி இன்னும் தடையில்லை. ஆயினும் நம் மண்டபத்தில் அது நடைபெறாது. பிளாஸ்டிக் பையில் கட்டிய மீனை வெயிலில் நான்கு மணிநேரம் தூக்கித் திரிய எந்தப் பிள்ளைக்கும் நான் கொடுக்க மாட்டேன். வேறு பரிசு யோசனைகள் இருந்தால் வருகிற ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்குச் சபைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். முயல்குட்டி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.