‘ரைட்’ என்று எழுதி வைத்த தாள்

தோட்டத்து வீடுகளில் சாவு விழுந்தால், கருமாதி முடிவதற்கு முன்பே தகரப் பெட்டி கீழே இறங்கிவிடும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், அடகுக் கடைச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி அதற்குள் இருக்கும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தொழில் செய்யும் நொத்தாரிசுமாருக்கும் சட்டத்தரணிகளுக்கும் இந்தப் பை நன்கு பழக்கம். அதை மேசையில் கொட்டி, கடதாசிகளைப் பிரித்து அடுக்கினால், இறந்தவர் என்ன விட்டுப்போனார் என்பது அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

கிரிப்டோ நாணயம் அந்தப் பைக்குள் இருக்காது.

தெரணியகலைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்து, கட்டாரில் ஐந்தாறு வருடம் உழைத்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கூட வேலை செய்தவர்கள் சொல்லிக்கொடுக்க, சம்பளத்தில் கொஞ்சத்தைப் பிட்கொயினாக மாற்றிப் போனிலேயே வாலட் என்ற செயலியில் வைத்திருக்கிறான். லீவில் வந்த இடத்தில் விபத்தில் போய்விடுகிறான். போனின் பூட்டு எண் யாருக்கும் தெரியாது. தம்பி நாலைந்து எண்களைப் போட்டுப் பார்க்க, போன் இறுகப் பூட்டிக்கொள்கிறது. நல்ல போன், வீணாகப் போகக் கூடாது என்று டவுன் கடையில் கொடுத்தால், கடைப் பையன் அதை ‘ஃபிளாஷ்’ அடித்துப் புதுப் போனாக்கிக் கொடுத்துவிடுவான். வாலட்டின் சாவி அந்த நிமிடத்தோடு சரி. நாணயம் எங்கும் போகவில்லை. உலகத்துக்கே தெரியும் பொதுப் பேரேட்டில் அப்படியே கிடக்கிறது. எடுக்கத்தான் வழியில்லை. எவ்வளவு போயிற்று என்பதுகூட அந்த வீட்டுக்குத் தெரியாது.

உலகில் இவ்விடயத்தில் மிக அதிகமாகப் பேசப்பட்ட மரணம் நமக்குத் தூரத்தில் நடந்ததல்ல. கனடாவின் குவாட்ரிகா என்ற கிரிப்டோ பரிமாற்றகத்தை நடத்திய ஜெரால்ட் கொட்டன், 2018 டிசம்பர் 9 அன்று இந்தியாவின் ஜெய்ப்பூரில் 30 வயதில் இறந்தார். இறப்பதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான் அவர் இறுதி விருப்பாவணம் எழுதியிருந்தார். மனைவிக்குச் சொத்து, வளர்த்த இரண்டு நாய்களின் பராமரிப்புக்கு ஒரு இலட்சம் டொலர் என்று அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வாடிக்கையாளரின் நாணயங்களைத் திறக்கும் சாவிகள் எங்கே என்று மட்டும் ஒரு வரி இல்லை. மடிக்கணினி பூட்டியபடியே கிடந்தது. பிறகு நீதிமன்றம் நியமித்த கணக்காய்வு நிறுவனம் தேடியபோது, பூட்டியிருந்ததாகச் சொல்லப்பட்ட பெட்டகங்கள் மரணத்துக்கு எட்டு மாதம் முன்பே காலியாக இருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ 76,000 வாடிக்கையாளர்களுக்கு 16 கோடியே 90 இலட்சம் கனடிய டொலர் நட்டம் என்றும், பெருமளவு கொட்டனின் மோசடியால் வந்தது என்றும் ஒன்டாரியோ பிணையங்கள் ஆணைக்குழு 2020இல் முடிவுசெய்தது.

அவ்வழக்கில் நம் பகுதி நொத்தாரிசுமாரின் கண் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ராஜஸ்தானில் வழங்கிய மரணச் சான்றிதழில் கொட்டனின் பெயரில் ஓர் எழுத்து பிழை. அந்த ஒற்றை எழுத்தே, ஆள் உண்மையில் செத்தானா என்ற சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது.

ஓர் எழுத்துப் பிழை என்னவெல்லாம் செய்யும் என்று சப்ரகமுவத் தோட்டங்களில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது முதல், 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது வரை, ஐம்பத்தைந்து வருடம் அவர்களின் பெயர்கள் பிறர் காதில் விழுந்தபடி பிறர் கையால் எழுதப்பட்டவை. தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் சிங்கள உச்சரிப்பில் இன்னொன்று, அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக மாறி மூன்றாவதொன்று. தொழில்தருநர் 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமுமாக மாதாமாதம் சேர்ந்த சேமலாப நிதியை, பின்னுரித்தாளியின் பெயர் பொருந்தவில்லை என்பதற்காக வாங்க முடியாமல் சத்தியக்கடதாசிக்கு மேல் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு அலையும் விதவைகளை இத்தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். வெளிநாட்டுப் பரிமாற்றகம் ஒன்றில் இறந்தவரின் கணக்கைக் கோரும்போதும் மரணச் சான்றிதழ், நீதிமன்றக் கட்டளை, அடையாளச் சான்று என்று இதே கடதாசிகள்தான் கேட்கப்படும். ‘இன்ன பெயரும் இன்ன பெயரும் ஒரே ஆள்’ என்று எழுதிக் கொடுக்கக் கிராம அலுவலர் இருந்தாலும், அந்தக் கடிதத்தின் பெறுமதி சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கு எப்படி விளங்கும்? பெயர் திருத்தத்தை ஆள் உயிரோடு இருக்கும்போதே முடிக்க வைப்பதுதான் கிரிப்டோ வைத்திருக்கும் கட்சிக்காரருக்கு முதலில் செய்ய வேண்டிய வேலை.

சட்டத்தின் அடித்தளம் பழையது, ஆனால் உறுதியானது. 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, இறுதி விருப்பாவணம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் கையெழுத்தாக வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் விருப்பாவணங்களைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆகவே ‘என் காசெல்லாம் தங்கச்சிக்கு’ என்று வாட்சப்பில் அனுப்பிய குரல் பதிவு கண்ணீர் வரவழைக்கலாம், விருப்பாவணமாகாது. ஒன்றுமே எழுதாமல் இறந்தால், தேசவழமைக்கும் கண்டியச் சட்டத்துக்கும் உட்படாத மலையகத் தமிழருக்கு 1876ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொருந்தும்: பாதி துணைக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு.

கிரிப்டோ ஒரு சொத்தா என்ற கேள்வியும் மெல்லத் தெளிந்து வருகிறது. 2024 ஜூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸ் பரிமாற்றகத்தில் நடந்த திருட்டுக்குப் பின் தன் நாணயங்கள் முடங்கிப்போன முதலீட்டாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஒக்டோபரில் அளித்த தீர்ப்பில், கிரிப்டோ கையால் தொடக்கூடிய பொருளும் அல்ல, நாணயமும் அல்ல, ஆனாலும் அனுபவிக்கவும் உடைமையாக வைத்திருக்கவும் இன்னொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கவும் கூடிய சொத்து என்றார். இலங்கை நீதிமன்றங்களை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்ட நிச்சயம் உதவும். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பம் பாதி இங்கும் பாதி கூடலூரிலும் கோத்தகிரியிலுமாகப் பிரிந்த மக்களுக்கு அது அந்நிய நாட்டுத் தீர்ப்பாகவும் தோன்றாது.

இலங்கை மத்திய வங்கி, கிரிப்டோ இங்கே சட்டமுறை நாணயம் அல்ல என்று பலமுறை எச்சரித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த பணிப்புரைப்படி, வங்கி அட்டைகளால் இவற்றை வாங்கவும் முடியாது. இதைக் கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, இருப்பதை எழுதவும் வேண்டும். பயத்தால் மறைத்த சொத்து பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது.

இத்தனைக்கும் பிறகு நீதிமன்றத்தால் கொடுக்கக்கூடியது உரித்து மட்டுமே. இரத்தினபுரியில் கல் வியாபாரம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கடதாசியில் மடித்த கல் யார் கையில் இருக்கிறது என்பதை முதலாளி சொல்லாமல் இறந்தால், வாரிசு என்று கட்டளை வாங்கி என்ன பயன்? சொந்த வாலட்டில் இருக்கும் கிரிப்டோவுக்கு அந்தக் கடதாசி மடிப்பு, பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு ஆங்கிலச் சொற்கள். மீட்புச் சொற்கள் என்பார்கள். அவை யார் கையில் உண்டோ, நாணயம் அவர் கையில்.

அவசரத்தில் நேரும் பெரும் பிழை, அச்சொற்களை விருப்பாவணத்திலேயே எழுதிவிடுவது. எழுதினால் நொத்தாரிசுக்குத் தெரியும், தட்டச்சு செய்த பிள்ளைக்குத் தெரியும், ஆள் இறந்து வழக்குத் தாக்கலானதும் மாவட்ட நீதிமன்றக் கோப்பைப் புரட்டும் எவருக்கும் தெரியும். காலையில் தாக்கல் செய்த கோப்பின் சொத்து மாலைக்குள் கரைந்துபோகலாம், எடுத்தவரைக் கண்டுபிடிப்பதும் கடினம். விருப்பாவணத்தில் இருக்க வேண்டியது, இன்ன வகை டிஜிட்டல் சொத்து உண்டு, அதைத் திறக்கும் விபரம் முத்திரையிட்ட உறையில் இன்ன இடத்தில் உண்டு என்பது மட்டும். கூடவே, அக்கணக்குகளையும் கருவிகளையும் திறந்து கையாள நிறைவேற்றுநருக்கு வெளிப்படையான அதிகாரம் தரும் ஒரு வாசகம் கட்டாயம் வேண்டும். 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியற்ற அணுகலைக் குற்றமாக்குகிறது. அண்ணனின் கணக்கை நல்லெண்ணத்தோடு திறந்த தம்பி விளக்கம் சொல்ல நேரக் கூடாது. உறையை நொத்தாரிசு தன் அலுமாரியில் வைத்துக்கொள்வதும் நல்லதல்ல.

அந்த உறைக்குள் இருக்கும் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மீட்புச் சொற்கள் 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலில் இருந்து வருகின்றன. ஆங்கிலத்தோடு ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம் முதலிய சில மொழிகளுக்கும் பட்டியல் உண்டு, தமிழுக்கு இல்லை. தமிழிலேயே எழுதிப் பழகிய கை, ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பது இயல்பு. அங்கேதான் வில்லங்கம். தாளில் ‘ரைட்’ என்று இருந்தால் அது எது? வலது என்னும் ரைட்டும், எழுது என்னும் ரைட்டும், சவாரி செய் என்னும் ரைட்டும் மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ‘கோட்’ என்றால் ஆடாகவும் இருக்கலாம், குறியீடாகவும் இருக்கலாம். இரண்டும் பட்டியலில் உண்டு. ககரத்துக்கும் டகரத்துக்கும் நம் எழுத்தில் வன்மை மென்மை வேறுபாடு இல்லை என்ற பள்ளிக்கூட இலக்கணம், இங்கே ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் தீர்மானிக்கும் விடயமாகிவிடுகிறது. இந்த இரண்டு சொல் மட்டும் என்றால் ஆறு விதமாகப் போட்டுப் பார்த்து ஒன்றைப் பிடித்துவிடலாம். பன்னிரண்டிலும் சந்தேகம் என்றால் பிடிப்பது சுலபமல்ல.

வழி எளிது. சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். பட்டியலில் முதல் நான்கு எழுத்து ஒத்த இரு சொற்கள் இல்லாததால், அந்த நான்கு தெளிவாக இருந்தாலே போதும். ஆங்கிலம் எழுத வராதவர், பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் எத்தனையாவது என்ற இலக்கத்தையும் பக்கத்தில் குறிக்கலாம். எண்ணை 0இல் தொடங்குபவரும் 1இல் தொடங்குபவரும் உண்டு, எதில் தொடங்கியது என்று அதே தாளில் எழுத வேண்டும். சொற்களின் வரிசை மாறவே கூடாது.

தாள் எங்கே இருக்கிறது என்பதும் இப்பகுதியில் சாதாரணக் கேள்வி அல்ல. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்து மூன்று கிராமங்கள் புதைந்தன. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுப்பஹனைத் தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. வெள்ளம் வராத மே மாதத்தைக் களு கங்கைக் கரையில் எண்ணிக் காட்டுவது கடினம். தகரப் பெட்டிக்குள் ஒரே ஒரு பிரதி போதாது. வங்கிப் பெட்டகத்திலோ வேறு ஊரில் இருக்கும் நம்பகமான உறவிடமோ இரண்டாவது ஒன்று இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கட்சிக்காரர் கிரிப்டோ என்று சொல்வது எல்லாம் கிரிப்டோ அல்ல. ஆள் சேர்த்தால் இலாபம் என்று ஊர் ஊராகப் பரவிய ஸ்போர்ட் செயின், ஒன்மேக்ஸ் டிடி போன்றவற்றை மத்திய வங்கி 2023இல் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய செயலியின் திரையில் தெரியும் எண்ணை ஆதனமென்று விருப்பாவணத்தில் எழுதினால், பிள்ளைகள் இல்லாத காசுக்காக வழக்காடுவார்கள். எழுதுமுன், சிறு தொகை ஒன்றைக் கட்சிக்காரரால் நொத்தாரிசின் கண்முன்னே வெளியே எடுத்துக் காட்ட முடிகிறதா என்று கேட்கலாம். ஆள் இறந்த பின், ‘தொலைந்த நாணயத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள்’ என்று வருபவர்கள் பற்றியும் குடும்பத்தை எச்சரிப்பது கடமை.

விருப்பாவணம் எழுத வருபவரிடம் காணி, நகை, வங்கி, சேமலாப நிதி என்று கேட்கும் வரிசையில், ‘போனில் ஏதும் காசு வைத்திருக்கிறீர்களா?’ என்ற கேள்வியும் இனிச் சேர வேண்டும். வெளிநாடு போய் வந்த இளைஞர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும். ஆம் என்றால், தகரப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்ட ஒரு சிறு அட்டையை நொத்தாரிசே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். மூன்று வரி போதும்: இந்தப் போனைக் கடையில் கொடுத்து ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். குறுஞ்செய்தியில் குறியீடு வரும், சிம்மை நிறுத்தாமல் ரீலோட் போட்டு வைக்கவும். வேறு யாரிடமும் காட்டுமுன் இந்த நொத்தாரிசிடம் வரவும்.