கம்ப்யூட்டர் வாங்குமுன் கடையின் வழியை வரைவோம்



நம் ஊரில் இன்று எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. இல்லையென்றால் அதை விற்க வந்தவர் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். பில் போடலாம், இருப்புப் பார்க்கலாம், பாக்கிக்காரருக்குக் கைபேசியிலேயே நினைவூட்டு அனுப்பலாம், ஆடிட்டருக்குக் கணக்கு நிமிஷத்தில் போய்விடும் என்று அவர் அடுக்குகிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் வாங்கிய ஓராண்டுக்குள் அதை வெறும் பில் அடிக்கும் இயந்திரமாக்கிவிட்டு, பக்கத்திலேயே பழைய நீள நோட்டையும் வைத்து எழுதிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம். குறை கம்ப்யூட்டரிடமா, நம்மிடமா? இதைத்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

எங்கள் கடையின் அனுபவம்

ஊர்க் குறையைச் சொல்லுமுன் எங்கள் குறையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டோம். மூன்றாவது மாதமே அது காட்டிய இருப்புக்கும் குடோனில் இருந்த சரக்குக்கும் சம்பந்தமில்லாமல் போயிற்று. துவரம்பருப்பு கம்ப்யூட்டரில் தீர்ந்துவிட்டது, குடோனில் மூட்டை இருந்தது. சர்க்கரை கம்ப்யூட்டரில் இருந்தது, குடோனில் வெறும் சாக்குதான் கிடந்தது. விற்றவரைக் கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோனிலேயே உட்கார்ந்து, ஒரு மூட்டை வந்து இறங்குவது முதல் கடைசிப் பொட்டலம் விற்பது வரை என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகக் காகிதத்தில் எழுதினோம். அப்போதுதான் விஷயம் விளங்கியது. பருப்பு மூட்டையாக வருகிறது, மூட்டைக் கணக்கில் வரவு வைக்கிறோம். பையன்கள் அதைப் பிரித்து ஒரு கிலோ, அரைக் கிலோ பாக்கெட் போடுகிறார்கள். அந்த இடத்தில் யாரும் எதையும் எழுதுவதில்லை. பாக்கெட்டாகப் போனது ஒரு பெயரில் பில் ஆகிறது, சில்லறையாக நிறுத்துக் கொடுத்தது வேறு பெயரில் பில் ஆகிறது. சாக்கில் நின்றது, சிந்தியது, வண்டு விழுந்து கழித்தது எதற்கும் கணக்கில்லை.

இந்த வழக்கம் எங்கள் கடையில் தகப்பனார் காலத்திலிருந்து இருக்கிறது. நோட்டு அதைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் நோட்டில் இருப்பு எழுதியதே கிடையாது. கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்தது. முகத்தில் கரி இருப்பதைக் காட்டிய கண்ணாடியின் மேல் நாங்கள் கோபித்துக்கொண்டோம். “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்று பெரியவர்கள் சொன்னதைக் குடோனுக்குள் மறந்திருந்தோம்.

பக்கத்துப் பனியன் கம்பெனியைப் பாருங்கள்

இதே சங்கடம் நம் ஊர்ப் பனியன் தொழிலுக்கும் உண்டு. அங்கே நூல் கிலோவில் வருகிறது, சரக்கு டஜனில் போகிறது. நடுவில் நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எத்தனையோ கைகள். பெரும்பாலும் இவையெல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை, வெவ்வேறு வீதிகளில் வெவ்வேறு முதலாளிகளிடம் ஜாப் வொர்க்காக நடக்கின்றன. துணி டெம்போவில் ஊரையே சுற்றி வருகிறது.

இருந்தும் ஒழுங்காக நடக்கும் கம்பெனியில் கணக்குத் தவறுவதில்லை. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டெலிவரி சலான், அதில் லாட் நம்பர், எடை. சாயத்தில் இவ்வளவு குறையும், கட்டிங்கில் இவ்வளவு கழிவு விழும் என்று முன்கூட்டியே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் குறைந்தால் எந்த வாசலில் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் அவர்களிடம் உண்டு. ஏற்றுமதி ஆர்டர் வந்ததும் ‘டைம் அண்ட் ஆக்ஷன்’ என்று ஒரு காலண்டர் போடுகிறார்கள். தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய தேதியைக் கடைசியில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வருகிறார்கள். பேக்கிங் எப்போது முடிய வேண்டும், அதற்குத் துணி எப்போது வெட்டப்பட வேண்டும், அதற்கு நூல் எப்போது வர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் நாள் குறிக்கிறார்கள். தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப நேரும், அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும். பயம் இருப்பதால் ஒழுங்கும் இருக்கிறது.

நமக்குக் கப்பல் இல்லை. ஆனால் சனிக்கிழமை மாலை இருக்கிறது. வாரச் சம்பளம் கைக்கு வரும் அந்தச் சில மணி நேரத்தில்தான் இந்த ஊர் மளிகைக் கடையின் வாரமே தீர்மானமாகிறது. சனிக்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணி, பாக்கெட் போடுவது எந்தக் கிழமை, மொத்தக் கடைக்கு ஆர்டர் சொல்வது எந்தக் கிழமை என்று எழுதி வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்?

நம்மிடம் கற்றவர்கள்

இப்படி வேலையின் வழியை வரைந்து திருத்துவது பெரிய தொழிற்சாலைகளின் சமாச்சாரம், மளிகைக் கடைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானின் டொயோட்டா கார் கம்பெனியில் உற்பத்தி முறையையே மாற்றியமைத்த தாய்ச்சி ஓனோ, தம் யோசனைக்கு வழிகாட்டியது அமெரிக்காவின் சூப்பர் மார்க்கெட் என்று எழுதியிருக்கிறார். அங்கே அலமாரியில் எது குறைகிறதோ அதை மட்டும் நிரப்புகிறார்கள் என்பதுதான் அவர் கண்டது. அதையே தொழிற்சாலையில் ‘கான்பான்’ என்ற சிறு அட்டையாக்கினார். சாமான் தீர்ந்த இடத்திலிருந்து அட்டை பின்னால் போகும், அதைக் கண்டபின்தான் அடுத்தது செய்யப்படும். அதற்குக் கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை. கார் செய்பவர் மளிகைக் கடையைப் பார்த்துக் கற்றிருக்கிறார். மளிகைக் கடைக்காரர் கற்கக் கூடாதா?

மற்றொரு சம்பவத்தை 1990-ல் மைக்கேல் ஹாமர் என்ற அமெரிக்க நிபுணர் எழுதினார். ஃபோர்டு கார் கம்பெனியின் வட அமெரிக்கப் பிரிவில், சரக்கு அனுப்பியவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்ய மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஊழியர்கள் இருந்தனர். கம்ப்யூட்டர் போட்டு ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்று முதலில் நினைத்தார்கள். அப்போது ஜப்பானின் மஸ்டா கம்பெனி அதே வேலையை ஐந்து பேரை வைத்துச் செய்வது தெரியவந்தது. மஸ்டா சிறிய கம்பெனிதான் என்றாலும் வித்தியாசம் அத்தனை இருக்க நியாயமில்லை. யோசித்துப் பார்த்ததில், ஃபோர்டின் ஊழியர்கள் நேரத்தையெல்லாம் ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போகாத இடங்களைத் தேடுவதிலேயே செலவிட்டனர். பழைய வழியையே கம்ப்யூட்டரில் ஏற்றும் எண்ணத்தைக் கைவிட்டார்கள். சரக்கு வாசலில் இறங்கும்போதே ஆர்டரோடு ஒப்பிட வேண்டும், ஒத்தால் ஏற்கலாம், ஒவ்வாவிட்டால் திருப்பி அனுப்பலாம், பில்லுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று வழியை மாற்றினார்கள். ஆள்தேவை முக்கால் பங்கு குறைந்தது.

ஆட்களைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. நம் கடையில் குறைக்க ஆளும் இல்லை. லாரி ஷெட்டிலிருந்து சரக்கு வரும்போது யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு இறக்குகிறார், பில் இரண்டு நாள் கழித்துக் கல்லாவுக்கு வருகிறது, எண்ணிக்கை குறைந்தது மாதக் கடைசியில் தெரிகிறது. அதற்குள் அனுப்பியவரும் மறந்துவிடுகிறார், நாமும் மறந்துவிடுகிறோம். வாசலில் ஒப்பிடும் வழக்கம் இல்லாத கடைக்கு எந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

மூன்று கோடுகள்

வழியை வரைய ஒரு பெரிய வெள்ளைக் காகிதமும் மூன்று நிறப் பேனாவும் போதும். சரக்கு போகும் பாதை ஒரு கோடு. சீட்டும் எழுத்தும் போகும் பாதை இரண்டாவது. பணம் போகும் பாதை மூன்றாவது. கோடு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு கேள்வி கேளுங்கள். இதைச் செய்பவர் யார்? அவர் எதில் எழுதுகிறார்? அங்கே எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது? அவர் ஒரு நாள் வராவிட்டால் என்ன ஆகும்?

மூன்று கோடும் சேர்ந்து போகும் இடத்தில் தொல்லை இல்லை. ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடத்தில்தான் நஷ்டம் ஒளிந்திருக்கிறது. கடன் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு கூட்டத்தில் ஒருவர் கைபேசியில் பாக்கியைக் கட்டிவிட்டுப் போகிறார். பணம் முதலாளியின் கணக்குக்கு வந்துவிட்டது. கடன் நோட்டு பையனிடம் இருக்கிறது. பணம் வந்தது என்று சவுண்ட் பாக்ஸ் சத்தமாகச் சொல்கிறது, யாருடைய பணம் என்று சொல்வதில்லை. திங்கட்கிழமை அவர் வரும்போது பாக்கி அப்படியே நிற்கிறது, வாய்ச்சண்டை வருகிறது. பெட்டி சத்தம் கேட்டவுடன் நோட்டில் வரவு வைத்த பிறகே அடுத்தவருக்குச் சாமான் என்று ஒரு வழக்கம் ஏற்படுத்தினால் தீரும். அதற்கு ஒரு பைசா செலவில்லை. இந்த வழக்கம் வந்தபிறகு நோட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள், அது சொன்னபடி கேட்கும்.

“கடன் அன்பை முறிக்கும்” என்று அட்டை மாட்டிவிட்டு அதற்குக் கீழேயே கடன் கொடுப்பவர்கள் நாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நம் ஊர்த் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சொந்த ஊர் திரும்பினார்கள். எங்கள் நோட்டைப் புரட்டினால் ‘மேல்மாடி அக்கா’, ‘பீகார் பையன்’, ‘செக்கிங் தம்பி’ என்றுதான் இருந்தது. நிலைமை சீராகித் திரும்பி வந்தவர்களில் பலர் தாங்களாகவே தேடி வந்து, “அண்ணாச்சி, எவ்வளவு தரணும்?” என்று கேட்டார்கள். அவர்கள் நேர்மையாக இருந்தார்கள். தொகையைச் சொல்லத்தான் எங்களால் முடியவில்லை. அன்று தலைகுனிந்தது நாங்கள்தான்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரை வரி விதித்தபோதும், ஓவர்டைம் குறைந்த வீடுகளின் பற்று முதலில் நம் தராசில்தான் தெரிந்தது. யாருக்கு எவ்வளவு வரை தாங்கலாம் என்று தெரிந்த கடைதான் அந்த வேளையில் வாடிக்கைக்காரரையும் காப்பாற்றும், தன்னையும் காப்பாற்றிக்கொள்ளும்.

ஆடிட்டருக்காக மட்டுமல்ல

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018-ல் இ-வே பில் வந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய மொத்த வணிகர்களுக்கு, மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்லில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமாயிற்று. இதனால் நம்மில் பலருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே சர்க்காருக்குக் கணக்குக் காட்டும் பெட்டி என்ற எண்ணம் படிந்துவிட்டது. இந்த எண்ணம் மாற வேண்டும். டேலியின் கதையே இதற்குச் சான்று. மில்களுக்குச் சாமான் வினியோகித்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் தொழில் கணக்குக்குப் பொருத்தமான சாஃப்ட்வேர் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவைச் செய்யச் சொன்னதில் பிறந்தது அது. 1986-ல் பெங்களூரில் கம்பெனி தொடங்கினார்கள். தமக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒரு வியாபாரியின் கேள்வியிலிருந்துதான் அது வந்தது.

நாமும் விற்பவரிடம் கேள்வியோடு போக வேண்டும். மூட்டையைப் பாக்கெட்டாக மாற்றும்போது உங்கள் சாஃப்ட்வேரில் எங்கே எழுதுவது? சேதாரத்துக்கு இடம் உண்டா? நாளை வேறு ஒன்றுக்கு மாறினால் என் கணக்கை முழுதாக எடுத்துக்கொண்டு போக முடியுமா? என் வாடிக்கைக்காரர் பெயரும் நான் வாங்கும் விலையும் வேறு யார் கண்ணில் படும்? இலவசம் என்று வருவதிடம் இந்தக் கடைசிக் கேள்வியை இரண்டு முறை கேட்க வேண்டும்.

வரையும்போது கடைப் பையனையும் கணக்குப் பிள்ளையையும் கூட உட்கார வையுங்கள். முதலாளி நடப்பதாக நினைப்பது ஒன்று, உண்மையில் நடப்பது இன்னொன்று. அது தெரிந்தவர்கள் அவர்கள்தான். குறை சொன்னால் திட்டு விழும் என்று பயந்தால் வாய் திறக்க மாட்டார்கள், காகிதத்தில் பொய்தான் வரையப்படும்.

கடைசியாக ஒன்று. நம் கடைகளில் பாதிக்கு மேல் நடைமுறை முதலாளியின் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் பத்து நாள் படுக்கையில் விழுந்தால் கடையும் படுத்துவிடுகிறது. படித்த பிள்ளைகள் கடைக்கு வரத் தயங்குவதற்கும் இது ஒரு காரணம். எங்கே ஆரம்பிப்பது என்று அவர்களுக்குக் காட்ட நம்மிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

ஆகவே நம் வேண்டுகோள் இது. அடுத்த சாஃப்ட்வேருக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அடைத்துவிட்டு உட்காருங்கள். ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள், துவரம்பருப்பே போதும். மூன்று கோடு போட்டுப் பாருங்கள். விலகும் இடங்களை நேராக்குங்கள். அந்தக் காகிதத்தைச் சங்கக் கூட்டத்துக்கும் கொண்டு வாருங்கள், எங்களுடையதையும் கொண்டு வருகிறோம். ஒருவர் கடையில் கண்ட தவறு இன்னொருவர் கடைக்குப் பாடமாகட்டும். கம்ப்யூட்டரை அதன் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.