பாசிப் பெண்களோடு சேர்ந்து எழுதுங்கள்

தமிழ்நாட்டின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்கு அடுத்த மேலாண்மைத் திட்டம் எழுதும்போது, பாம்பன் சின்னப்பாலம் தொடங்கி அந்தக் கரையெங்கும் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பாசிப் பெண்களை முதல் நாளிலிருந்தே உடன் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மடல். வரைவு முடிந்த பிறகு ஊரைக் கூட்டி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கும் கருத்துக்கேட்பை நான் கேட்கவில்லை.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத நீரையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் தேசியப் பூங்கா ஆனது. கரைப் பக்கம் மூன்றரை பாகம் (ஃபாதம்) ஆழம் வரை, வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம் வரை எல்லை. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் கட்டக்கோரையும் விளைவது இந்த ஆழமில்லாத நீரில்தான். அகர், அல்ஜினேட் ஆலைகளுக்காக 1960-களிலிருந்தே இங்கே பாசி எடுத்து விற்கிறார்கள். எல்லை வரையப்பட்டதும் அந்தப் பெண்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆகிவிட்டார்கள். பாசியை எடை போட்டு வாங்குகிறவர் கரையில் இருக்கிறார், ஆலை எங்கோ தொலைவில் இருக்கிறது. கழுத்தளவு நீரில் நிற்கிறவள் மட்டுமே சட்டத்தின் கைக்கு எட்டுகிறாள். இது நியாயம் இல்லை.

அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சேலைக்கு மேல் ஒரு டீ-ஷர்ட், கண்ணுக்குக் கண்ணாடி, கல் கிழிக்காதபடி விரல்களில் சுற்றிய துணி. மூச்சை அடக்கி முங்கி, கையால் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிறார்கள். சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம், கை மட்டும் போதும் என்று முடிவெடுத்தவர்கள் அவர்களே. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் இறங்குவது, விசைப்படகுகள் நிற்கும் தடைக்காலத்தில் பாசி மறுபடி வளர விட்டுவிடுவது என்று ஊர் ஊராகப் பேசி வழக்கம் வகுத்தார்கள். இதற்காகப் பெண்களை ஒன்று சேர்த்த சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. அவர்கள் வகுத்த நாள்கணக்குக்கு நம்முடைய திட்டத்தில் விதி என்ற தகுதி வேண்டும்.

பவளப்பாறைகளைப் பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு. கல்லைப் புரட்டினால், மிதித்தால் பவளம் உடையும். அதை மறைத்துவிட்டு நான் இந்தக் கோரிக்கையை வைக்க மாட்டேன். ஆனால் இந்தக் கடலுக்கு நேர்ந்த பெரிய இழப்புகளை வரிசையாகப் பாருங்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளக்கல் வெட்டினார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி தீவுகள் நீருக்குள் போயின. 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. ஆராய்ச்சிக்கூடம் வழியாக வந்து, கம்பெனி முதலீட்டில் பெருகிய கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி, குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்தது. இவை எதையும் பாசிப் பெண்கள் செய்யவில்லை. எந்தக் கல்லில் பாசி குறைந்திருக்கிறது, எந்தத் திட்டை இந்த ஆண்டு விட்டுவைக்க வேண்டும் என்பதை மாதம் தவறாமல் முங்கிப் பார்க்கிறவர்கள் அவர்கள். அத்தனை கண்கள் உங்கள் துறையிடம் இல்லை.

உங்கள் கையைச் சட்டம் கட்டியிருப்பதும் தெரியும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, தேசியப் பூங்காவிலிருந்து அகற்றப்படும் விளைபொருள் சுற்றி வாழும் மக்களின் சொந்தத் தேவைக்குப் போகலாம், விற்பனைக்குப் போகக் கூடாது என்கிறது. ஆனால் சட்டம் அது ஒன்று மட்டும் அல்ல. 2006-இன் வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களையும் வன நிலமாகவே கணக்கில் கொள்கிறது. நீர்நிலைகளின் மீனும் பிற விளைபொருளும் சமூக உரிமை என்கிறது. காக்கும் பொறுப்பையும் அதிகாரத்தையும் கிராம சபையிடம் தருகிறது. பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறைச் சார்பைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை கடினமானதுதான். கரையோர ஊர்களுக்கு அது பொருந்துமா என்பதை விண்ணப்பம் வாங்கி விசாரித்தே முடிவு செய்ய வேண்டும். 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினச் சட்டமும், வன உரிமைச் சட்டம் செல்லுபடியாகும் சரணாலயங்களில் கிராம சபையைக் கலந்தே மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும் என்கிறது. பிலிகிரிரங்கன் மலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோளகர் பழங்குடியினரின் சமூக உரிமை 2011-இல் ஏற்கப்பட்டது. புலி வாழும் காட்டில் நடந்தது கடலில் ஏன் கூடாது?

உங்கள் துறையே வேறு வழியில் நடந்து காட்டியிருக்கிறது. 2022-இல் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கே மீன்பிடித் தொழில் தொடர்கிறது. வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுகிற மீனவர் பாராட்டும் வெகுமதியும் பெறுகிறார். பாம்பனுக்கு வடக்கே மீனவரைப் பாதுகாவலராக நடத்த முடிந்த அரசுக்கு, தெற்கே அது முடியாமல் போகக் காரணம் இல்லை.

எனவே கேட்கிறேன். எந்த இடத்தில் எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்ற வரைபடத்தை அவர்களோடு படகில் போய் வரையுங்கள். பன்னிரண்டு நாள் வழக்கத்தையும் கருவி மறுப்பையும் திட்டத்தில் விதியாக எழுதுங்கள். மீறுகிறவர்களை விசாரிக்கும் முதல் பொறுப்பை அந்தந்த ஊர்க் குழுவிடம் கொடுங்கள். குழுக்களில் ஊர்த்தலைவர்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது; பாசி எடுக்கும் பெண்களுக்கென்றே தனி இடம் வேண்டும். பாசி எடுப்பவர் என்று தொழிலைக் குறிப்பிட்ட அடையாள அட்டையும் வேண்டும். பாறையின் நிலையை ஆண்டுதோறும் அளந்து, அந்தக் கணக்கைத் தமிழில் ஊருக்குச் சொல்லுங்கள். பாசி குறைந்திருந்தால் நாள்களைக் குறைக்க அவர்களே முன்வருவார்கள் என்று நம்புகிறேன். முன்பும் அப்படித்தான் வந்தார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஊர்கள் கரையில் இருக்கும். முதல் கூட்டத்தை அப்போது, சின்னப்பாலத்திலேயே வையுங்கள்.